திருத்தணிப் படியேறிய கம்ப்யூட்டர்!

"ஏம்மா... புரோகிராம் எழுதினியா? நீயா?"

என் மகன் கேட்ட கேள்வி இது. எட்டாம் வகுப்புப் படிக்கிறான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்து, ரிசல்ட் வந்த கையோடு கல்யாணமாகி, பொதட்டூர்பேட்டைக்கு வாழ வந்தவள் நான். பால் கணக்கு பார்ப்பேன். சீட்டுக் கணக்கு எழுதுவேன். மற்றபடி எனக்கும் கம்ப்யூட்டருக்கும் உள்ள பழக்கம், ரேஷன் கடை மெஷினில் விரல் வைப்பதோடு சரி.

எங்கள் ஊர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. திருவள்ளூர் மாவட்டம், பள்ளிப்பட்டு வட்டத்தில் ஆந்திர எல்லையோரம் இருக்கும் பேரூராட்சி. முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணிப் பகுதியோடு சேர்ந்து இந்தப் பக்கம் வந்தது. ஒரு வீட்டில் தமிழ் கேட்கும், அடுத்த வீட்டில் தெலுங்கு கேட்கும். இரண்டு வீட்டிலும் கேட்பது தறிச் சத்தம். இப்பொழுது பெரும்பாலும் விசைத்தறி. என் மாமியார் நாற்பது வருஷம் கைத்தறியில் லுங்கி நெய்தவர். தறியை விற்ற பிறகு அந்தக் குழியை மூடி சிமெண்ட் பூசிவிட்டோம். அதற்கப்புறம் அவர் அந்த அறைக்குள் அவ்வளவாகப் போவதில்லை.

இந்த வீட்டில் கம்ப்யூட்டர் எப்படி நுழைந்தது? சொல்கிறேன் கேளுங்கள்.

போனும் நானும்

எல்லா வீட்டிலும் நடக்கும் கதைதான். பள்ளி விட்டு வந்ததும் பையை ஒரு மூலையில் எறிந்துவிட்டு, மகன் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஏதோ சுடுகிற விளையாட்டு. "சாப்பிட வாடா" என்றால், "இரும்மா, இந்த லெவல் முடியட்டும்" என்பான். அந்த லெவல் முடியவே முடியாது! ஒருநாள் பொறுக்க முடியாமல் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். நாலு நாள் அவன் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. போன் போனால் போகட்டும், பிள்ளை போய்விடுவானோ என்று பயமாகிவிட்டது.

என் தங்கை பி.சி.ஏ. படித்தவள். லீவுக்கு வந்தவளிடம் புலம்பினேன்.

"விளையாடாதேன்னு சொல்லாதே அக்கா. ஒரு விளையாட்டை அவனையே செய்யச் சொல்லு. முதல்ல நீ கத்துக்கோ" என்றாள்.

"எனக்கு இங்கிலீஷும் வராது, இதெல்லாம் மண்டையில ஏறாதுடி."

"சாம்பார் வைக்கத் தெரியுமில்லே? அது போதும்!"

அவள் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் ஒன்று பரண்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதைத் தூசி தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள் தங்கை.

சமையல் குறிப்பும் புரோகிராமும்

புரோகிராம் என்றால் என்ன? கம்ப்யூட்டருக்கு நாம் எழுதித் தரும் செய்முறை. அவ்வளவுதான். "எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடு, கடுகு வெடித்தால் கறிவேப்பிலை போடு, பருப்பு வேகும் வரை கிளறு" என்று எழுதுகிறோமே, அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்றன் பின் ஒன்றாகச் செய்வது. "வெடித்தால்" என்று நிபந்தனை பார்ப்பது. "வேகும் வரை" திரும்பத் திரும்பச் செய்வது. எத்தனை பெரிய புரோகிராமானாலும் அடிப்படையில் இந்த மூன்றும்தான்.

ஒரே வித்தியாசம், கம்ப்யூட்டருக்குக் கைப்பக்குவம் கிடையாது. "உப்பு தேவையான அளவு" என்றால் திருதிருவென்று விழிக்கும். எத்தனை சிட்டிகை என்று எண்ணிச் சொல்ல வேண்டும்.

சரி, கற்றுக்கொள்ள விளையாட்டு எதற்கு? அதுவும் படம், பாட்டு ஒன்றும் இல்லாத வெறும் எழுத்து விளையாட்டு? படம் போட்டால் படத்திலேயே பொழுது போய்விடும். எழுத்து மட்டும் என்றால் கம்ப்யூட்டர் கேட்கும், நாம் பதில் தட்டுவோம், அது யோசித்து அடுத்ததைச் சொல்லும். நம் கவனமெல்லாம் அந்த யோசனையில் இருக்கும். தவிர, ஒரு பக்கத்தில் எழுதி அன்றைக்கே விளையாடியும் பார்த்துவிடலாம்.

இது புதுப் பழக்கமில்லை. 1964-ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் ஜான் கெமனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரு ஆசிரியர்கள், விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் எழுதும்படி 'பேசிக்' என்ற எளிய மொழியை உண்டாக்கினார்கள். 1973-ல் டேவிட் ஆல் என்பவர் அந்த மொழியில் எழுதிய 101 விளையாட்டுகளைப் புத்தகமாகவே போட்டார். சமையல் குறிப்பு மாதிரி அச்சிட்டிருக்கும். பார்த்துத் தட்டச்சு செய்து, விளையாடி, பிறகு தன் ருசிக்கு மாற்றிக்கொள்ள வேண்டியது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

முதல் விளையாட்டு: எண்ணைக் கண்டுபிடி

தங்கை சொல்லிக் கொடுத்த முதல் பாடத்துக்குக் கம்ப்யூட்டரே தேவைப்படவில்லை. மகனிடம், "ஒண்ணிலிருந்து நூறுக்குள்ளே ஒரு எண்ணை மனசில் வச்சுக்கோ. நான் கேட்பேன். நீ 'மேலே', 'கீழே' மட்டும் சொல்லு. ஏழே கேள்வியில் கண்டுபிடிச்சுடுவேன்" என்றேன்.

"முடியவே முடியாது" என்றான். நாலு நாள் மௌனத்துக்குப் பிறகு அவன் என்னோடு போட்ட முதல் சண்டை அது. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

வித்தை இதுதான். எப்பொழுதும் நடு எண்ணைக் கேளுங்கள். முதலில் 50. "மேலே" என்றால் 75. "கீழே" என்றால் 62. ஒவ்வொரு கேள்விக்கும் பாதி எண்கள் கழிந்துவிடும். இரண்டை ஏழு தடவை பெருக்கினால் 128. அது நூறை விடப் பெரியது. ஆகவே ஏழு கேள்விக்குமேல் போகாது. பத்து தடவை விளையாடினோம், பத்திலும் ஜெயித்தேன். "எப்படிம்மா?" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

இதையே புரோகிராமாக்கினால், கம்ப்யூட்டர் ரகசிய எண்ணை வைத்துக்கொள்ளும், நாம் ஊகிப்போம். அதற்கு வேண்டியவை நாலு: ரகசிய எண், நம் ஊகம், ஒப்பிட்டுப் பார்த்து 'மேலே, கீழே' சொல்லும் நிபந்தனை, சரியாக வரும் வரை திரும்பக் கேட்கும் சுற்று.

தமிழிலேயே எழுதலாமா?

எழுதலாம்! 'எழில்' என்று ஒரு மொழி இருக்கிறது. முத்தையா அண்ணாமலை என்ற தமிழ்ப் பொறியாளர், தமிழ்க் குழந்தைகள் தாய்மொழியிலேயே புரோகிராம் பழகட்டும் என்று உருவாக்கியது. 2009-லேயே இதைப்பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். காசு கிடையாது. இதில் 'பதிப்பி' என்றால் திரையில் காட்டு; 'ஆனால்', 'இல்லை' என்பவை நிபந்தனைகள்; 'வரை' என்றால் திரும்பச் செய்; 'முடி' என்றால் அந்தப் பகுதி முடிந்தது. "கடுகு வெடித்தது ஆனால்" என்று நாம் பேசும் வரிசையிலேயே நிபந்தனை முன்னால், 'ஆனால்' பின்னால் வரும். இங்கிலீஷில் இது தலைகீழ்.

எங்கள் திருத்தணி மலைக்கு வருஷத்தின் நாட்களுக்கு ஒன்றாக 365 படிகள் என்பது வழக்கு. டிசம்பர் 31 அன்று படிக்கு ஒரு பூஜை செய்வார்கள். படியேறும் விளையாட்டே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். நான் முதல் முதலாக எழுதியது இது:

படி = 1
@( படி <= 365 ) வரை
பதிப்பி "படி", படி, "முருகா!"
முடி

ஓட விட்டேன். "படி 1 முருகா! படி 1 முருகா! படி 1 முருகா!" என்று திரை முழுக்க ஓடுகிறது. நிற்கவே இல்லை. இரண்டாம் படிக்குப் போகவும் இல்லை! மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். எனக்கானால் அழுகையே வந்துவிட்டது. இதுக்குத்தான் வேண்டாம்னு சொன்னேன், நம்ம மூளைக்கு இது எட்டாது என்று லேப்டாப்பை மூடப் போனேன்.

வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, மொதப் படியிலயே நிக்குது?"

"தெரியல அத்தை. எழுதினது சரியாத்தான் இருக்கு."

"அடுத்த படிக்குப் போன்னு அதுக்குச் சொன்னியா?"

"..."

"தறியில மிதி மாத்தாம நாடா ஓட்டினா ஊடை எங்கே நிக்கும்? போன வழியே திரும்பி வந்துடும். ஒவ்வொரு தடவையும் கால் மாத்தணும். அந்த மாதிரி இதுக்கும் எதனா இருக்கும் பாரு."

நானும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மகன்தான் பாய்ந்து, 'முடி'க்கு முன்னால் ஒரு வரி சேர்த்தான்:

படி = படி + 1

கணக்கில் இது தப்பு மாதிரி தெரியும். இங்கே அர்த்தம் வேறு: இப்போதுள்ள படியோடு ஒன்றைக் கூட்டி, அதையே புதுப் படியாக வைத்துக்கொள். மறுபடி ஓட விட்டான். 1, 2, 3... 365. நின்றது! "அரோகரா!" என்று கத்தினான். மாமியார் கீரையைப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். மூடிய தறிக் குழி இருந்த அதே அறையில்!

தறிதான் தாய்

மாமியார் சொன்னது தற்செயலில்லை சகோதரிகளே. கம்ப்யூட்டருக்கும் தறிக்கும் உண்மையிலேயே உறவு உண்டு. பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மரீ ஜக்கார்டு, 1804-ஆம் ஆண்டு வாக்கில், துளை போட்ட அட்டைகளை வைத்துப் பூ வேலை நெய்யும் கருவியைச் செய்தார். துளை இருந்தால் அந்தப் பாவு இழை மேலே எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் இன்றும் 'ஜக்கார்டு பெட்டி' தலைக்குமேல் தொங்குகிறது, அதுதான் இது.

அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கு இயந்திரத்துக்கு உத்தரவு கொடுக்கத் திட்டமிட்டார். அந்த இயந்திரத்துக்குக் கணக்குச் செய்முறையை 1843-ல் விரிவாக எழுதி வெளியிட்டவர் ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி. தறி பூ நெய்வதோடு இயந்திரத்தின் வேலையை ஒப்பிட்டவரும் அவரே. உலகின் முதல் புரோகிராமர் என்று பலரும் அவரைத்தான் சொல்கிறார்கள். அப்பொழுது அவர் மூன்று குழந்தைகளுக்குத் தாய்!

வாசலில் நாம் போடும் கோலமும் லேசுப்பட்டதல்ல. புள்ளி வைத்து, விதிப்படி வளைத்து, சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலம் வளர்ப்பது கம்ப்யூட்டருக்கு ஏற்ற இலக்கணம் என்று 1974-ல் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்கள். சிரோமணி தம்பதி தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள். மூவரில் இருவர் பெண்கள் என்பதைக் கவனித்தீர்களா?

ஓர் அப்பா, ஓர் அம்மா

எழுத்து விளையாட்டுகளின் வரலாற்றிலும் குடும்பக் கதை இருக்கிறது. அமெரிக்காவில் வில் குரோதர் என்பவர் புரோகிராமர்; குகைகளுக்குள் இறங்கிச் சுற்றுவதில் பிரியம் உள்ளவர். விவாகரத்தாகிப் பிள்ளைகளைப் பிரிந்து இருந்தார். தம் இரண்டு பெண்களோடு சேர்ந்து விளையாட ஏதாவது வேண்டுமே என்று 1975, 76-ல் ஒரு விளையாட்டு எழுதினார். படமே இல்லை. "நீ ஒரு குகை வாசலில் நிற்கிறாய்" என்ற மாதிரி கம்ப்யூட்டர் வர்ணிக்கும். "கிழக்கே போ", "விளக்கை எடு" என்று நாம் தட்ட வேண்டும். 1977-ல் டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். 'அட்வெஞ்சர்' என்று உலகமெங்கும் பரவியது.

கலிபோர்னியாவில் ரொபர்ட்டா வில்லியம்ஸ் என்ற இளம் தாய் அதை வீட்டிலிருந்தே விளையாடி மயங்கிப் போனார். "இப்படி ஒன்று நானே செய்தால் என்ன?" என்று சமையலறை மேஜையில் காகிதத்தைப் பரப்பிக் கதை அமைத்தார்; கணவர் புரோகிராம் எழுதினார். கோட்டுப் படங்களும் சேர்த்து 1980-ல் 'மிஸ்டரி ஹவுஸ்' வெளிவந்தது. தம்பதி தொடங்கிய கம்பெனி பின்னால் மிகப் பெரிதாக வளர்ந்தது. ஆரம்பம் சமையலறை மேஜை!

நீங்களும் செய்து பாருங்களேன்!

தேவையானவை: நாற்பது பக்க நோட்டு ஒன்று, பென்சில், ரப்பர், பழைய கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப், தப்பு வந்தால் கூட உட்கார்ந்து சிரிக்க ஒரு குழந்தை.

செய்முறை: முதலில் நோட்டில் கதையைத் தமிழில் எழுதுங்கள். "நீ மலையடிவாரத்தில் நிற்கிறாய். விடுகதைக்குச் சரியான பதில் சொன்னால் பத்துப் படி ஏறலாம். தப்பென்றால் ஐந்து படி இறங்க வேண்டும்." எங்கே நிபந்தனை, எங்கே திரும்பச் செய்வது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நீங்களே கம்ப்யூட்டராக இருந்து, பிள்ளையை விளையாடச் சொல்லுங்கள். பாதித் தப்பு அங்கேயே தெரிந்துவிடும். கடைசியில்தான் கம்ப்யூட்டர்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் போடாதீர்கள். மாவு சேர்க்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாருங்கள். ஐந்து வரி சேர்த்ததும் தப்பு வந்தால் அந்த ஐந்தில்தான் தேட வேண்டும். ஐம்பது வரி எழுதிவிட்டுத் தேடினால் தலைவலிதான்.

தப்பு வந்தால் திட்டாதீர்கள். எத்தனை பெரிய கெட்டிக்காரருக்கும் வரும். எது தப்பு என்று கம்ப்யூட்டர் சொல்வதை நிதானமாகப் படிக்கப் பழக்குங்கள்.

'எழில்' பழகிய பிறகு 'பைத்தான்' சுலபமாக வரும். எழிலே பைத்தானின் மேல் கட்டியதுதான். 2019-20-ல் வந்த பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடநூலில் இருப்பதும் பைத்தான்தான். பெயரைக் கேட்டுப் பயப்படாதீர்கள், பாம்பு இல்லை! அதை உருவாக்கியவர் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியின் நினைவாக வைத்த பெயர்.

கண்ணும் முதுகும் பத்திரம்

இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் உள்ள பொருளை இருபது விநாடி பாருங்கள். திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடும். அடிக்கடி கண்ணை மூடித் திறங்கள். இருட்டறையில் வேண்டாம். படுத்துக்கொண்டு வேண்டாம். முதுகுக்குத் தலையணை வைத்து, கால் தரையில் பதியும்படி உட்காருங்கள். எங்கள் வீட்டில் அரைமணி நேரத்துக்கு அலாரம் வைத்திருக்கிறோம்.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளில் ஒரு மணிக்குமேல் கூடாது, அதிலும் குறைவே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. சின்னவர்களுக்குத் தாயம், பல்லாங்குழி போதும். எண்ணும் பழக்கமும் வரிசை பார்க்கும் பழக்கமும் அதிலேயே வந்துவிடும்.

பாட்டியின் லுங்கி

என் மகன் போன் விளையாட்டை விட்டே விட்டான் என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றும் விளையாடுகிறான். ஆனால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருகிறான். "இந்த லெவல் ஏம்மா முடியவே மாட்டேங்குது தெரியுமா? முடியக் கூடாதுன்னே எழுதியிருக்காங்க" என்று எனக்கே பாடம் எடுக்கிறான்!

போன மாதம் ஒருநாள் பாட்டியைக் கூப்பிட்டான். திரையில் 'சி' பன்னிரண்டு, 'வெ' நாலு, 'ப' பன்னிரண்டு, மறுபடி 'வெ' நாலு என்று வரிசை வரிசையாக எழுத்துகள். சிவப்பு, வெள்ளை, பச்சை. கட்டம் போட்ட லுங்கியின் பாவுக் கணக்கு! எழுத்தால் லுங்கி நெய்திருந்தான்.

மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரல் வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது.

"கட்டம் சரி. ஓரம் எங்கேடா? ஓரம் இல்லாத லுங்கி உண்டா?"

"ஓரத்துக்கு எத்தனை இழை பாட்டி?"

அவ்வளவுதான். மாமியார் தரையில் உட்கார்ந்து கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். பேரன் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தான். நான் மெதுவாக எழுந்து போய் உலை வைத்தேன். அன்றைக்கு அரைமணி அலாரம் அடித்தபோது, நான்தான் போய் அதை அணைத்தேன்.